தண்ணீருக்குள் ஒளிந்திருந்த எமனைக் கண்டுபிடித்த டாக்டர்

ராபர்ட் கோக்கின் வாழ்க்கைக் கதை

மதுரையில் ஒரு வீடு. பொழுது விடிகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டு அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அதே நேரத்தில் வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும் வந்து இறங்குகிறது.

குழாய்த் தண்ணீரை அவர் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறார். கேன் தண்ணீரைக் குடிக்க எடுத்து வைக்கிறார். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதாம். கேன் தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறதாம். பிள்ளைகளுக்கு எதுவும் வந்துவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருக்குக் கேன் பிடிக்காது. குழாய்த் தண்ணீரையே பானையில் ஊற்றிக் குடிக்கிறார். இத்தனை வருஷம் குடித்தோம், என்ன ஆகிவிட்டது என்பது அவருடைய வாதம்.

இருவரில் யார் சொல்வது சரி? எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? நாக்கில் விட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியவே முடியாது! தண்ணீரில் இருக்கும் எமன் கண்ணுக்கும் தெரியமாட்டான், நாக்குக்கும் தெரியமாட்டான். அவனைப் பிடித்து உலகத்துக்குக் காட்டினார் ஒரு டாக்டர். அவர் பிறந்தது ஜெர்மனியில். ஆனால் அவர் எமனைப் பிடித்தது நம் இந்தியாவில்!

அவருடைய பெயர் ராபர்ட் கோக்.

தானே படித்த பையன்

ஜெர்மனியில் ஹார்ஸ் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே கிளவுஸ்தால் என்று ஒரு சிறிய ஊர். சுரங்கத் தொழிலுக்குப் பெயர் போனது. அந்த ஊரில் 1843-ம் ஆண்டு டிசம்பர் 11-ந்தேதி ராபர்ட் கோக் பிறந்தார்.

தந்தை சுரங்கத்தில் அதிகாரி. பெரிய குடும்பம். பிள்ளைகள் 13 பேர்!

ராபர்ட்டுக்கு 5 வயது. ஒரு நாள் அவன் பெற்றோரிடம் வந்து, தனக்குப் படிக்கத் தெரியும் என்றான். அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்தார்கள். யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தானாகவே படித்திருக்கிறான்!

எதையும் தானே பார்த்துத் தெரிந்துகொள்வது. அந்தக் குணம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

கோட்டிங்கன் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்தார். அங்கே ஹென்லே என்ற பேராசிரியர் இருந்தார். தொற்றுநோய்களுக்கு உயிருள்ள நுண்ணிய கிருமிகள்தான் காரணம் என்று 1840-லேயே எழுதியவர் அவர். ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் வழி இல்லை. மாணவன் அதை மனதில் வைத்துக்கொண்டான்.

1866-ல் கோக் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எம்மி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகள் பிறந்தாள்.

மனைவி கொடுத்த பரிசு

1872-ல் வோல்ஸ்டைன் என்ற ஊரில் கோக்குக்கு ஜில்லா வைத்திய அதிகாரி வேலை கிடைத்தது. அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

நோயாளிகளைப் பார்க்க ஊர் ஊராகப் போகவேண்டும். ஓய்வே கிடையாது. ஆனாலும் அவருக்கு ஆராய்ச்சியில் தீராத ஆசை. அதைத் தெரிந்துகொண்ட மனைவி, அவருக்கு ஒரு மைக்ராஸ்கோப்பைப் பரிசாகக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது.

நோயாளிகளைப் பார்க்கும் அறையின் நடுவே ஒரு திரையைக் கட்டினார் கோக். திரைக்கு இந்தப் பக்கம் வைத்தியம். அந்தப் பக்கம் ஆராய்ச்சி!

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆடுமாடுகள் திடீர் திடீரென்று செத்துக்கொண்டிருந்தன. அடைப்பான் நோய். விவசாயிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

செத்த ஆட்டின் ரத்தத்தை எடுத்துக் கோக் பார்த்தார். அதில் குச்சி குச்சியாகக் கிருமிகள் இருந்தன. அந்த ரத்தத்தை மரச் சிராயில் தொட்டு எலிக்கு ஏற்றினார். எலி செத்தது. எலியின் ரத்தத்திலும் அதே குச்சிகள்!

அதோடு அவர் நிறுத்தவில்லை. கிருமியைத் தனியாக வளர்த்தார். அப்படி வளர்த்ததை ஏற்றியபோதும் எலி செத்தது. இன்ன நோய்க்கு இன்ன கிருமிதான் காரணம் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. 1876-ல் இதை அவர் பெரிய விஞ்ஞானிகளுக்குச் செய்து காட்டினார். கிராமத்து டாக்டரின் புகழ் பரவியது. 1880-ல் தலைநகரான பெர்லினில் சர்க்கார் சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார்கள்.

சமையலறை தந்த யோசனை

பெர்லினில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரில் பலவகைக் கிருமிகள் கலந்து நீந்தும். அவற்றை எப்படிப் பிரிப்பது?

வேகவைத்த உருளைக்கிழங்கு வழிகாட்டியது. வெட்டி வைத்த துண்டின்மேல் சில நாளில் கலர் கலராகப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியும் ஒரேவகைக் கிருமியின் குடும்பம்! கெட்டியான பரப்பில் வைத்தால் கிருமிகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்த இடத்திலேயே பெருகுகின்றன என்று கோக் கண்டுகொண்டார்.

எல்லாக் கிருமியும் உருளைக்கிழங்கில் வளராது. ஜெலட்டின் கூழில் வளர்த்தால் கோடைகாலத்தில் உருகிவிடுகிறது. என்ன செய்வது?

கோக்கிடம் வேலை பார்த்தவர் ஹெஸ்ஸே என்ற டாக்டர். அவருடைய மனைவி பேனி ஹெஸ்ஸே ஒரு யோசனை சொன்னார். பலகாரத்துக்குத் தாம் கடல்பாசி போடுவதாகவும், அது வெயிலிலும் உருகுவதில்லை என்றும் சொன்னார். உடனே செய்து பார்த்தார்கள். பலித்தது!

ஆமாம், ரம்ஜான் நோன்பு திறக்கும்போது வீடுகளில் துண்டு போடுவார்களே, அதே கடல்பாசிதான். இன்றைக்கும் உலகம் முழுவதும் கிருமிகளை வளர்ப்பது அதில்தான்.

தண்ணீரைச் சோதிப்பதற்கும் இந்த வழி உதவியது. சத்துச் சேர்த்த கூழைத் தட்டில் ஊற்றி, அதில் அளந்து எடுத்த தண்ணீரைக் கலந்து வைக்க வேண்டும். தண்ணீரில் இருந்த ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளரும். கோலத்துக்குப் புள்ளி எண்ணுவதுபோல் அவற்றை எண்ணிவிடலாம்!

1882 மார்ச் 24-ந்தேதி, காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கோக் பெர்லினில் அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த மார்ச் 24-ந்தேதியைத்தான் இப்போது உலகக் காசநோய் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ருசியான தண்ணீர்

அந்தக் காலத்தில் மனிதர்களைக் குலைநடுங்க வைத்த நோய் ஒன்று உண்டு. அது வாந்திபேதி. காலரா என்பார்கள்.

காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமாகிவிடுவார். உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் வெளியேறிவிடும். கங்கைக் கரையிலிருந்து 1817-க்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது. திருவிழாக் கூட்டங்களில் புகுந்தால் கொத்துக் கொத்தாகச் சாவு விழும்.

கெட்ட காற்றினால் வருகிறது என்றார்கள் சிலர். தெய்வ குற்றம் என்றார்கள் வேறு சிலர்.

லண்டனில் ஜான் ஸ்னோ என்று ஒரு டாக்டர் இருந்தார். இது தண்ணீரால் வரும் நோய் என்று அவர் சொன்னார். 1854-ல் லண்டன் பிராட் தெருவைச் சுற்றி 10 நாளில் 500 பேருக்குமேல் மாண்டார்கள். வீடு வீடாக விசாரித்தார் ஸ்னோ. செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவில் இருந்த ஒரே அடிபம்பில் தண்ணீர் குடித்தவர்கள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பம்புத் தண்ணீருக்கு நல்ல பெயர். ருசியாக இருக்கும் என்று தேடி வந்து பிடிப்பார்கள்.

வெகுதூரத்தில், ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விதவை அம்மாள் குடியிருந்தார். முன்பு பிராட் தெருவில் வசித்தவர். அந்த ருசியை அவரால் மறக்க முடியவில்லை. தினமும் ஒரு பெரிய பாட்டிலில் பிராட் தெருத் தண்ணீரை வண்டியில் வரவழைத்துக் குடித்தார். ஹாம்ப்ஸ்டெட்டில் வாந்திபேதி இல்லவே இல்லை. ஆனால் அந்த அம்மாள் வாந்திபேதியில் இறந்தார். அந்தப் பாட்டில் தண்ணீரைக் குடித்த அவருடைய உறவுப் பெண்ணும் இறந்தார்.

ருசி காப்பாற்றவில்லை. பாட்டிலும் காப்பாற்றவில்லை!

பம்பின் கைப்பிடியைக் கழற்றும்படி செய்தார் ஸ்னோ. ஆனால் தண்ணீருக்குள் இருந்த கொலைகாரனை அவரால் காட்ட முடியவில்லை. அதே ஆண்டில் இத்தாலியில் பாசினி என்பவர் அந்தக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார். அதை யாரும் கவனிக்கவில்லை. கொலைகாரன் சாட்சி இல்லாமல் தப்பிவிட்டான்.

எகிப்தில் ஒரு பலி

1883-ல் எகிப்து நாட்டில் வாந்திபேதி தலைவிரித்து ஆடியது. ஐரோப்பாவுக்குள் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் கிலி. ஜெர்மன் சர்க்கார் கோக்கின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. பிரான்ஸ் தேசத்திலிருந்து பாஸ்டரின் சீடர்கள் வந்தார்கள். இரு நாட்டாருக்கும் கடும் போட்டி.

வந்த இடத்தில் பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த துய்லியே என்ற இளம் விஞ்ஞானியை வாந்திபேதி பிடித்துக்கொண்டது. விரைவிலேயே உயிர் போய்விட்டது. போட்டியை மறந்து கோக் ஓடிவந்தார். மலர்வளையம் வைத்தார். சவ ஊர்வலத்தில் கலந்துகொண்டார்.

செத்தவர்களின் குடலில் ஒருவகைக் கிருமியைக் கோக் பார்த்திருந்தார். ஆனால் அதுதான் கொலைகாரன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குள் எகிப்தில் நோய் தணிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிவிடலாமா?

திரும்பவில்லை. நோய் எங்கே பிறந்ததோ அங்கேயே போகிறேன் என்று சர்க்காரிடம் அனுமதி கேட்டார். கப்பல் ஏறினார். 1883 டிசம்பரில் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

கல்கத்தா குளம்

கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இரவு பகலாக உழைத்தார். வாந்திபேதியில் இறந்தவர்களின் குடலைச் சோதித்தார். எகிப்தில் பார்த்த அதே கிருமி! எழுத்தில் கால்புள்ளி வைப்போமே, அதுபோல் வளைந்த உருவம். 1884 தொடக்கத்தில் அதைத் தனியாக வளர்த்து, நாட்டுக்குச் செய்தி அனுப்பினார்.

அடுத்த கேள்வி: இந்தக் கிருமி மனிதனிடம் எப்படி வந்து சேர்கிறது?

கல்கத்தாவை ஒட்டிய பெலியாகாட்டாவில் ஒரு குளம் இருந்தது. சுற்றிலும் குடிசைகள். அந்தக் குளத்தைச் சுற்றி வாந்திபேதியில் 17 பேர் இறந்திருந்தார்கள். கோக் போய்ப் பார்த்தார்.

குளத்தில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். ஒருவர் துணி துவைத்தார். ஒருவர் பாத்திரம் கழுவினார். கழிவும் அதில்தான் வந்து கலந்தது. அதே குளத்தில்தான் பெண்கள் குடிக்கத் தண்ணீர் மொண்டார்கள்!

முதலில் செத்த நோயாளியின் துணிகளை அந்தக் குளத்தில்தான் அலசியிருக்கிறார்கள். தண்ணீரை எடுத்துச் சோதித்தார் கோக். அதே கால்புள்ளிக் கிருமி! எமன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

மதுரைச் சீமை மக்களுக்கு இந்தக் கதை எளிதில் புரியும். நம் பக்கத்துக் கிராமங்களில் குடிக்க ஊருணி தனி. குளிக்கக் குளம் தனி. ஊருணியில் கால் கழுவினாலே பெரியவர்கள் திட்டுவார்கள். கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அவர்கள் போட்ட கட்டுப்பாடு அது. அந்தக் கட்டுப்பாடு உடைந்த இடத்தில்தான் சாவு நுழைந்தது.

குழாயைக் கண்டு தயங்கியவர்கள்

கல்கத்தாவில் கோக் இன்னொன்றையும் கவனித்தார். அந்த நகரத்துக்கு 1870-லிருந்து குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பல்டா என்ற இடத்தில் ஆற்று நீரை மணலில் வடிகட்டி அனுப்பினார்கள். குழாய் வந்த பிறகு நகரத்தில் வாந்திபேதிச் சாவு பெரிதும் குறைந்துவிட்டது. குளத்து நீரைக் குடித்த புறநகர்களில்தான் சாவு குறையவில்லை.

ஆனால் அந்தக் குழாயை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை! ஆசாரம் பார்த்த குடும்பங்கள் தயங்கின. குழாயில் தோல் வைத்திருக்கிறார்கள், யார் யாரோ தொடுகிறார்கள் என்று ஒதுக்கினார்கள். கங்கை நீர் புனிதம், குழாய் நீர் தீட்டு என்று நினைத்தார்கள். நாளாக நாளாகத்தான் பயம் தெளிந்தது.

அன்றைக்குக் குழாய்மேல் ஆசாரச் சந்தேகம். இன்றைக்கு வாடைச் சந்தேகம். சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் சந்தேகத்தைச் சோதித்துத் தீர்க்க வேண்டும்.

1884-ல் கோக் நாடு திரும்பினார். போரில் வென்ற தளபதிபோல் அவரை வரவேற்றார்கள். சர்க்கார் 1 லட்சம் மார்க் பரிசு கொடுத்தது.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

எட்டு ஆண்டுகள் சென்றன. 1892 ஆகஸ்டு மாதம். ஜெர்மனியின் பெரிய துறைமுகம் ஹாம்பர்க். செல்வம் கொழிக்கும் பட்டணம். அங்கே வாந்திபேதி நுழைந்தது.

எல்பா ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது நகரசபை. மணல் வடிகட்டி அமைக்கச் செலவாகும் என்று பல ஆண்டு தள்ளிப்போட்டு, அப்போதுதான் வேலை நடந்துகொண்டிருந்தது. நோய் வந்த பிறகும் வியாபாரம் கெட்டுவிடும் என்று செய்தியை வெளியிடத் தயங்கினார்கள்.

சர்க்கார் கோக்கை அனுப்பியது. அவர் வந்து பார்த்துப் பதறிப்போனார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி ஊரெங்கும் அறிவித்தார்கள். ஆனால் சில வாரங்களில் 8,600 பேர் இறந்துவிட்டார்கள். பணக்கார வீட்டில் தண்ணீர் காய்ச்ச வேலைக்காரி உண்டு. விறகுக்கே வழியில்லாத ஏழை என்ன செய்வான்? ஏழைகளே அதிகமாக மாண்டார்கள்.

ஹாம்பர்க்கை ஒட்டியே அல்டோனா என்ற ஊர். நடுவில் ஒரு தெருதான் எல்லை. அல்டோனாவும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் எப்படி? ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு, கீழே போய் எடுத்த தண்ணீர்! அப்படியானால் அங்கே இன்னும் அதிகம் பேர் செத்திருக்க வேண்டுமே?

இல்லை. அல்டோனாவில் நோய் மிகக் குறைவு. காரணம், அங்கே மணல் வடிகட்டி இருந்தது. தண்ணீர் மணல் படுகையில் மெல்ல மெல்ல இறங்கும். மணலின் மேல்பரப்பில் வழவழப்பான படலம் ஒன்று உண்டாகும். கிருமிகள் அதில் சிக்கிக்கொள்ளும்.

எல்லைத் தெருவில் ஒரு குடியிருப்பு இருந்தது. நிலம் ஹாம்பர்க்கைச் சேர்ந்தது. தண்ணீர் மட்டும் அல்டோனாவின் குழாயிலிருந்து வந்தது. குடியிருந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். நெருக்கடியான வீடுகள். நாலா பக்கமும் சாவு. ஆனால் அந்தக் குடியிருப்பில் ஒருவருக்குக்கூட வாந்திபேதி வரவில்லை!

அவர்களிடம் பணம் இல்லை. வேறு தண்ணீர் வாங்கவும் வழி இல்லை. அவர்களைக் காப்பாற்றியது நல்ல பொதுக்குழாய்!

வடிகட்டி மட்டும் போதுமா?

கதை இதோடு முடியவில்லை. அடுத்த குளிர்காலத்தில், 1893 தொடக்கத்தில், அல்டோனாவிலேயே வாந்திபேதி தலைகாட்டியது. எல்லோருக்கும் திகைப்பு. கோக் துருவி ஆராய்ந்தார். கடும் பனியில் ஒரு மணல் படுகை உறைந்து கெட்டுப்போயிருந்தது. கிருமி அதன் வழியாக நுழைந்துவிட்டது. தண்ணீரின் தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வடிகட்டி இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படுகையின் தண்ணீரையும் சோதிக்க வேண்டும் என்றார் கோக். வடித்த தண்ணீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிக்கு மேல் இருந்தால் அதை ஊருக்கு விடக்கூடாது என்று அளவு வகுத்தார். தண்ணீரை நம்புவதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது.

குடித்துக் காட்டிய பெரியவர்

கோக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மியூனிக் நகரில் பெட்டன்கோபர் என்ற 73 வயதுப் பேராசிரியர் இருந்தார். சுகாதாரத் துறையில் பெரிய மனிதர். வெறும் கிருமியால் மட்டும் வாந்திபேதி வராது என்பது அவர் கட்சி.

1892 அக்டோபரில் அவர் ஒரு காரியம் செய்தார். வாந்திபேதிக் கிருமி நிறைந்த திரவத்தை வாங்கினார். பலர் அறியக் குடித்துவிட்டார்! வயிற்றுப்போக்கு வந்தது. ஆனால் சாகவில்லை. கோக் சொன்னது பொய் என்று அவர் முழங்கினார்.

உண்மையில் பொய்யானது அவர் வாதம்தான். கிருமியைக் குடித்தவர்கள் எல்லோரும் சாவதில்லை. சிலர் உடம்பு தாங்கிக்கொள்ளும். சிலருக்கு லேசாக வந்து போகும். ஒருவர் பிழைத்தார் என்பதால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாதத்துக்கும் இதுதான் பதில். அவர் தாங்குவார்; மடியில் இருக்கும் பேரக்குழந்தை தாங்குமா?

சறுக்கிய யானை

யானைக்கும் அடி சறுக்கும். கோக்கும் சறுக்கினார்.

1890-ல் காசநோயைக் குணப்படுத்தும் மருந்து கிடைத்துவிட்டதாக அறிவித்தார். அதில் என்ன இருக்கிறது என்பதை ரகசியமாக வைத்துக்கொண்டார். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ஓடிவந்தார்கள். மருந்து நோயைக் குணப்படுத்தவில்லை. சிலர் இறந்தும் போனார்கள். கோக்கின் பெயர் கெட்டது. பிற்காலத்தில் அந்த மருந்து, நோய்த்தொற்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனைக்குத்தான் பயன்பட்டது.

ஆப்பிரிக்காவில் தூக்க நோய் ஆராய்ச்சிக்குப் போனபோது, நோயாளிகளுக்கு அதிக அளவில் அவர் கொடுத்த மருந்தால் சிலருக்குக் கண் பார்வை போனது. அதையும் மறைக்கக்கூடாது.

எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதனைக்கு நிற்காதது உண்மை ஆகாது. கோக் உலகத்துக்குச் சொன்ன பாடம் கோக்குக்கும் பொருந்தியது!

கடைசி நாட்கள்

1897-ல் கோக் மறுபடி இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பிளேக் நோயை ஆராய்ந்தார். 1905-ல் காசநோய் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது. 1910 மே 27-ந்தேதி பாடன் பாடன் என்ற ஊரில் காலமானார். அப்போது வயது 66. அவருடைய அஸ்தி பெர்லினில், அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1908-ல், அமெரிக்காவில் ஜெர்சி நகரக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். வடிகட்டியில் தப்பும் கிருமியைக் கொல்லும் மருந்து அது. நம் வீட்டுக் குழாயில் அடிக்கும் வாடை அதுதான்.

இனி நம் குழாய்

ஹாம்பர்க்கில் சாவு விழுந்து சரியாக 100 ஆண்டு கழித்து, 1992-ல், வாந்திபேதிக் கிருமி புதிய வேஷத்தில் வந்தது. உலகம் அதுவரை பார்த்திராத வகை. அது முதலில் தலைகாட்டிய இடங்களில் சென்னையும் உண்டு. நம் மதுரையும் உண்டு. எமன் ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மதுரைக்குக் குடிநீர் வைகை அணையிலிருந்தும் வருகிறது. பண்ணைப்பட்டியில் சுத்தம் செய்து, குளோரின் கலந்து, குழாய் வழியே அனுப்புகிறார்கள். புறப்படும்போது சுத்தமான தண்ணீர், வழியில் கெட வாய்ப்பு உண்டு. அது எப்படி?

தண்ணீர் சில மணி நேரம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. நின்றபோது குழாய் காலியாகிறது. எங்கேயாவது விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால், அழுக்கு உள்ளே கசிந்துவிடும். அப்போது அதைக் கொல்லத்தான் குழாயின் கடைசிவரை கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணய அளவு. மலத்தில் இருக்கும் ஈ கோலை என்ற கிருமி, 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ஆகவே லேசான மருந்து வாடை பயப்பட வேண்டிய அடையாளம் அல்ல. காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்! பாத்திரத்தில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் வாடை போய்விடும். ஆனால் சாக்கடை நாற்றம் வந்தாலோ, நிறம் மாறி வந்தாலோ குடிக்கக்கூடாது. உடனே மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேன் தண்ணீருக்கும் இதே நீதிதான். சோதித்து, சுத்தமாக அடைத்த தண்ணீர் நல்ல தண்ணீரே. ஆனால் கேன் பளபளப்பது சாட்சி ஆகாது. உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா? அடைத்த தேதி இருக்கிறதா? மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா? பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் கேனைக் கவிழ்க்கும் பாத்திரத்தை அடிக்கடி கழுவ வேண்டும்.

சந்தேகம் வந்தால் எந்தத் தண்ணீரையும் கொதிக்கவிட வேண்டும். நன்றாகக் குமிழி விட்டு ஒரு நிமிஷம் கொதித்தால் வாந்திபேதிக் கிருமி சாகும். உப்பு மட்டும் கொதித்தால் போகாது. அது வேறு விஷயம். ஆறவைத்து, மூடிவைத்து, கைவிடாமல் கரண்டியால் மொண்டு குடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. வசதி உள்ளவர் கேன் வாங்கிக்கொண்டு குழாயை மறந்துவிட்டால், குழாயைப் பற்றிக் கேட்க ஆள் குறைந்துவிடும். கேன் வாங்க முடியாத வீட்டுக் குழந்தை அந்தக் குழாயைத்தான் குடிக்கும். எங்கள் தெருத் தண்ணீரைச் சோதித்தீர்களா, குளோரின் மிச்சம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்க வேண்டும். ஹாம்பர்க் எல்லைத் தெருவில் அந்தக் கூலித் தொழிலாளிகளைக் காப்பாற்றியது அவர்கள் வாங்கிய தண்ணீர் அல்ல. ஊர் முறையாக வடித்துக் கொடுத்த தண்ணீர்.

நாளைக் காலையில் குடத்தைக் குழாயில் வைக்கும்போது, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிராமத்து டாக்டரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். குழாயோ கேனோ, கண்ணையும் நாக்கையும் நம்பாதீர்கள். சோதித்ததை நம்புங்கள்!